செவலை துபாய் போறா!

வல்லூறுக்கு கேபினில் இடம் உண்டு. நம்ப முடிகிறதா? துபாய்க்கும் பாகிஸ்தானின் சில ஊர்களுக்கும் நடுவே பறக்கும் எமிரேட்ஸ் விமானங்களில் வல்லூறு பயணிகளோடு பயணியாக உள்ளேயே வரலாம். ஐக்கிய அரபு அமீரகம் 2002-லிருந்து வல்லூறுகளுக்கு பாஸ்போர்ட்டே கொடுக்கிறது! நாய்க்கு அந்த யோகம் கிடையாது. வழிகாட்டி நாய் போன்ற விதிவிலக்குகளை விட்டால், துபாய்க்கு வரும் நாய் மடியில் உட்கார்ந்தும் வர முடியாது, செக்-இன் லக்கேஜாகவும் வர முடியாது. சரக்காகப் பதிவாகி சரக்கு முனையத்தில்தான் வந்து இறங்க வேண்டும்.

அப்படிப் பதிவாகிப் போன ஒருத்தியை எனக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். பெயர் செவலை. ஊர் சேலம் ஃபேர்லேண்ட்ஸ். இனம், சுத்தமான தெரு நாய். ஒரு மழை நாளில் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை அக்கா மகள் துப்பட்டாவில் சுற்றித் தூக்கி வந்தாள். நிறத்தைப் பார்த்து அம்மா பெயர் வைத்தார். அன்றிலிருந்து அக்கா வீட்டு சோபாவின் இடது மூலை அவளுக்குத்தான்.

மாமாவுக்கு துபாயில் வேலை. குடும்பத்தோடு அங்கேயே போய்விடலாம் என்று முடிவானதும் சொந்தபந்தம் முழுக்க ஒரே யோசனைதான் சொன்னது: “ராசிபுரம் தோட்டத்துல விட்டுட்டுப் போங்க கண்ணு, அது பாட்டுக்கு இருந்துக்கும்.” அக்கா மகள் ஒரே வரியில் முடித்தாள்: “செவலை வரலைன்னா நானும் வரலை.” அக்கா எதுவும் பேசவில்லை. கடைக்குப் போய் நீலக் கலர் ஃபைல் ஒன்று வாங்கி வந்தார். மேலே மார்க்கரில் ‘செவலை – துபாய்’ என்று எழுதினார். அவ்வளவுதான், ஆட்டம் ஆரம்பம்!

அந்த ஃபைல் தடிமனான கதையைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். அடேயப்பா! ஒரு நாய் விமானம் ஏற எத்தனை பேர், எத்தனை கருவிகள், எத்தனை கணக்குகள்! வாருங்கள், திரைக்குப் பின்னால் கூட்டிப் போகிறேன்.

முதலில் சிப், அப்புறம்தான் ஊசி

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாகப் போனால் நாமக்கல். அங்கே 1985-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முட்டைக்கும் கோழிக்கும் பெயர்போன ஊர் என்பதால் அங்கே கோழி வைத்தியம் மட்டும்தான் நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆடு, மாடு, நாய், பூனை என்று காலையிலேயே வரிசை கட்டி நிற்கும். எங்கள் மாவட்டத்துப் பக்கமும் தலைவாசலில் 2021-இல் பெரிய கால்நடைப் பூங்கா திறந்திருக்கிறார்கள். ஊருக்குள் தனியார் கிளினிக்குகளும் நிறைய. கால்நடை டாக்டருக்கு நம் சமவெளியில் பஞ்சமே இல்லை.

அக்கா போன இடத்தில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “சிப் போட்டாச்சுங்களா?”

வருஷா வருஷம் தவறாமல் ரேபிஸ் ஊசி போட்ட நாய்தான். அக்கா பெருமையாக அந்தப் புத்தகத்தை நீட்டினார். டாக்டர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். “எல்லாம் நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா சிப்புக்கு முன்னால போட்ட ஊசி இந்தக் கணக்குல சேராதுங்க. அது இந்த நாய்க்குத்தான் போட்டதுன்னு எப்படிச் சொல்றது?”

எவ்வளவு எளிமையான நியாயம்! முதலில் நாய்க்கு ஓர் அடையாளம், அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அந்த அடையாளத்தின் பெயரில். சிப் என்பது அரிசி மணி அளவு கண்ணாடிக் குழாய். தோள்பட்டைகளுக்கு நடுவில், தோலுக்கு அடியில், ஊசி வழியாக இறங்குகிறது. உள்ளே பேட்டரி கிடையாது. நாய் எங்கே போகிறது என்று காட்டும் சங்கதியும் கிடையாது. ஸ்கேனர் பக்கத்தில் வந்தால் அதன் ரேடியோ அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு 15 இலக்க எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். அந்த எண்ணிலும் சங்கதி இருக்கிறது. 356 என்று தொடங்கினால் இந்தியா. 9 என்று தொடங்கினால் முதல் மூன்று இலக்கம் சிப் தயாரித்த கம்பெனியைக் குறிக்கும்.

செவலை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். ஸ்கேனர் ‘பீப்’ என்றது. அக்கா மகள் கைதட்டினாள். அந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை முழுக்க அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

அப்புறம் ரேபிஸ் ஊசி. கூடவே டிஸ்டெம்பர், பார்வோ, ஹெபடைடிஸ், லெப்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி. புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த 15 இலக்கம் ஏறியது.

பச்சையாக மின்னக் கூடாது!

எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம் இதுதான்.

ஊசி போட்டதற்குச் சான்றிதழ் இருந்தால் போதாது. ரேபிஸ் அதிகம் இருக்கும் நாட்டிலிருந்து வரும் நாயின் ரத்தத்தில் நிஜமாகவே எதிர்ப்பு சக்தி உருவாகியிருக்கிறதா என்று அமீரகம் கேட்கிறது. ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச யூனிட் குறைந்தபட்ச அளவு. இதற்கு டைட்டர் டெஸ்ட் என்று பெயர். ஊசி போட்ட கையோடு ரத்தம் எடுத்தால் பயன் இல்லை. உடம்பு எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்க வாரக்கணக்கில் நேரம் வேண்டும். காத்திருந்து, ரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, அமீரகம் ஏற்றுக்கொள்ளும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த ஆய்வகத்தின் முடிவு செல்லும் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது ரொம்ப முக்கியம். நமக்குப் பக்கத்தில், பெங்களூரு ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரியில், உலக விலங்குநல அமைப்பின் ரேபிஸ் ஆதார ஆய்வகமே இயங்குகிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்!

ஆய்வகத்துக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? நாயின் சீரத்தோடு உயிருள்ள ரேபிஸ் வைரஸைக் கலக்கிறார்கள். அந்தக் கலவையோடு செல்களைச் சேர்த்துத் தட்டில் வளர விடுகிறார்கள். சீரத்தில் எதிர்ப்பு சக்தி போதவில்லை என்றால் வைரஸ் தப்பிப் பிழைத்து செல்லுக்குள் புகுந்துவிடும். பிறகு ஒளிரும் சாயம் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். வைரஸ் புகுந்த செல்கள் ஆப்பிள் பச்சையில் பளபளவென்று மின்னும். எதிர்ப்பு சக்தி வேலை செய்திருந்தால் தட்டு இருட்டாகவே இருக்கும்.

அழகாகப் பச்சை மின்னினால் தோல்வி, இருட்டாக இருந்தால் வெற்றி! ஃபேர்லேண்ட்ஸ் வீட்டு ஹாலில் டீ ஆறிப்போகும் வரை இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். முடிவு வந்த நாளில் அக்கா ஐந்து ரோடு பக்கம் போய் தட்டுவடை செட் பார்சல் வாங்கி வந்து தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தார். “என்ன விசேஷம்?” என்று கேட்டவர்களுக்கு, “செவலை பாஸ் பண்ணிட்டா!”

எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இந்த வீட்டில் பயணத் தேதியை டிக்கெட் முடிவு செய்யவில்லை, செவலையின் ரத்தம் முடிவு செய்கிறது. மாமாவின் லீவு, அக்கா மகளின் பரீட்சை, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாமே அந்த ஒரு காகிதத்துக்குப் பின்னால்தான் வரிசையில் நின்றன. ஒரு தெரு நாய்க்காக ஒரு குடும்பமே காலண்டரைத் திருப்பி எழுதியது. இதை விட அழகான காட்சியை நான் சமீபத்தில் பார்த்ததில்லை.

டெய்லர் டேப்பும் பிளைவுட் கூண்டும்

அடுத்து வீடு! ஆமாம், செவலைக்கு வீடு கட்ட வேண்டும்.

விமானத்தில் போகும் உயிர்களுக்கென்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா தனி விதிப்புத்தகமே வைத்திருக்கிறது. நாய்க் கூண்டுக்கு அதில் ஒரு கணக்கு. நாலு அளவு எடுக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒன்று. தரையிலிருந்து முன்னங்கால் முட்டி வரை இரண்டு. தோளின் அகலம் மூன்று. நிமிர்ந்து நிற்கும்போது தரையிலிருந்து காது நுனி வரை நாலு. முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தை இரண்டால் பெருக்கினால் கூண்டின் அகலம். காது வரை உள்ள அளவோடு மெத்தையின் தடிமனைச் சேர்த்தால் உயரம். நாய் நிற்கணும், திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும், அதுதான் சூத்திரத்தின் சாரம்.

தெருமுனை டெய்லர் அண்ணன் டேப்போடு வந்தார்! செவலை முதல் அளவில் உட்கார்ந்துவிட்டாள், இரண்டாவதில் டேப்பைக் கவ்விக்கொண்டாள், மூன்றாவதில் அண்ணன் முகத்தை நக்கினாள். கடைசியில் அவித்த முட்டையைக் காட்டி நிமிர்ந்து நிற்க வைத்தோம். மூக்கிலிருந்து வால் வரை 75, முட்டி 30, தோள் 20, காது 65 சென்டிமீட்டர். அப்படியென்றால் உள்ளளவு நீளம் 90, அகலம் 40, உயரம் மெத்தையோடு சுமார் 70.

பிளைவுட்டில் செய்தார்கள். அகலத்தில் கொஞ்சம் தாராளம் காட்டி, வெளியளவு 96-க்கு 54-க்கு 75 ஆனது. நாலு பக்கமும் காற்றுத் துளைகள். கதவுக்கு உறுதியான கம்பிவலை. எங்கும் பிளாஸ்டிக் கிளிப் இல்லாமல் முழுக்க போல்ட்டு நட்டு. கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றும்படி மாட்டிய கிண்ணம். ஆசாரி ஐயா கடைசியாக உள்ளங்கையால் உள்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்தார். சிராய் எங்கேயாவது குத்துகிறதா என்று. “பொறந்த கொழந்தைக்குத் தொட்டில் செஞ்ச மாதிரி இருக்குதுங்க” என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே சந்தோஷம்.

இப்போது ஒரு சரக்குக் கணக்கு. விமானக் கட்டணம் எடையைப் பார்த்து மட்டும் வருவதில்லை, கூண்டு அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றிப் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுக்க வேண்டும். 96 × 54 × 75 என்றால் 3,88,800. வகுத்தால் கிட்டத்தட்ட 65 கிலோ! செவலையின் எடை 18 கிலோதான். எது அதிகமோ அதற்குத்தான் காசு. அக்கா கால்குலேட்டரை ஒரு முறை பார்த்தார், செவலையை ஒரு முறை பார்த்தார். “இவ மனசு அவ்வளவு பெருசு” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

கூண்டு வந்த நாளிலிருந்து அது சோபாவுக்குப் பக்கத்தில்தான். கதவு எப்போதும் திறந்தே இருக்கும். சாப்பாடு உள்ளேதான். முதலில் வாசலோரம், பிறகு நடுவில், பிறகு கடைசி மூலையில். கதவை ஒரு நிமிஷம் சாத்துவது, பிறகு சீரியல் ஒன்று முடியும் வரை, பிறகு ராத்திரி முழுக்க. மெத்தைக்கு மேல் அம்மாவின் பழைய இளம்பிள்ளைப் புடவையை மடித்துப் போட்டார்கள். வீட்டு வாசனை கூடவே வர வேண்டுமே! கொஞ்ச நாளில் செவலை சோபாவை மறந்து கூண்டுக்குள் குறட்டை விட்டாள். இதுதான் முக்கியமான தயாரிப்பு என்று டாக்டர் அடித்துச் சொன்னார். தூக்க மருந்து கொடுத்து அனுப்பலாமா என்று கேட்டதற்குக் கண்டிப்பாக வேண்டாம் என்றார். வானத்தில் மருந்து மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் எப்படிப் பாதிக்கும் என்று யாராலும் கவனிக்க முடியாது. பழக்கம்தான் நல்ல மருந்து.

வெயிலுக்கும் வெயிலுக்கும் வித்தியாசம்

“சேலத்து வெயிலைப் பார்த்த நாய்க்கு துபாய் என்னங்க துபாய்?” என்று பக்கத்து வீட்டு ஐயா சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சித்திரையில் நம் ஊரும் 40 டிகிரியைத் தொடுகிறது, நாமக்கல் ரோட்டில் தார் இளகுகிறது. ஆனால் நம் ஊரில் பொழுது சாய்ந்தால் சேர்வராயன் மலைப் பக்கமிருந்து காற்று இறங்கி வரும். துபாயில் ஆகஸ்ட் மாதப் பகல் சராசரியாக 41 டிகிரிக்கு மேல், ராத்திரியும் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதோடு வளைகுடாக் கடலின் ஈரம் வேறு.

அந்த ஈரம்தான் நாய்க்கு எதிரி. நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது. நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பதுதான் அதன் வழி. நாக்கிலும் தொண்டையிலும் இருக்கும் ஈரம் ஆவியாகும்போது உடம்பு குளிர்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது எப்படி? நாய் இளைத்துக்கொண்டே இருக்கும், சூடு இறங்காது. நாயின் இயல்பான உடல் சூடு 101-லிருந்து 102.5 ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் ஆபத்து. அப்போது முதலில் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். நிழலுக்கோ ஏசிக்கோ கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, மின்விசிறிக் காற்றைக் காட்டி, அதன்பின் டாக்டரிடம் ஓட வேண்டும். இது சேலத்துச் சித்திரைக்கும் பொருந்தும்!

மூக்கு சப்பையான இனங்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. 2003-இல் வந்த ஹட்ச் விளம்பரத்துக்குப் பிறகு நம் தெருக்களில் பெருகிய பக் நாய்களை நினைத்துப் பாருங்கள். மூச்சுப் பாதையே குறுகல் என்பதால் பல விமான நிறுவனங்கள் அவற்றை ஏற்றத் தயங்குகின்றன, சில மறுக்கின்றன. பிட்புல், ராட்வீலர், டோசா போன்ற இனங்களை அமீரகமே உள்ளே விடாது. நம் செவலைக்கோ நீண்ட மூக்கு, குட்டை முடி, ஒல்லி உடம்பு. அரேபியப் பாலைவனத்தின் செல்ல நாயான சலூகியைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் நம் சிப்பிப்பாறை மாதிரி ஒல்லி, நீள மூக்கு, நீளக் கால். சூடான சமவெளியில் ஓடி வளர்ந்த உடல்வாகு இங்கேயும் அங்கேயும் ஒரே மாதிரி இருக்கிறது. அபுதாபியில் சலூகிக்கென்றே தனி மையம் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நம் ஊர்த் தெருக்காரியும் அந்த வெயிலுக்கு ஏற்ற உடம்போடுதான் பிறந்திருக்கிறாள் என்றதும் அக்கா மகளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனாலும் உடம்பு புது வெயிலுக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். “ஆகஸ்டுலயே வந்துடுங்க” என்று மாமா முதலில் சொன்னார். டாக்டர் மறுத்தார், விமானக் கம்பெனிகளும் கோடையில் விலங்குகளை ஏற்றக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. கடைசியில் மார்ச் என்று முடிவானது. துபாயில் அப்போது பகல் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அங்கிருந்து நாளுக்கு நாள் ஏறும் வெயிலோடு செவலையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளலாம். அக்கா மகளின் பரீட்சையும் முடிந்திருக்கும். அங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில்தான் தொடங்குகின்றன. எல்லாம் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது பாருங்கள்!

தொப்பூர் கணவாயில் ஒரு ராத்திரி

ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் நமக்கே விமான நிலையம் இருக்கிறது. ஆனால் வெளிநாடு போகும் நாய் அங்கே ஏற முடியாது. மத்திய அரசின் விலங்குத் தடுப்புக்காவல் மற்றும் சான்றளிப்பு நிலையம் இருக்கும் ஊருக்குத்தான் போக வேண்டும். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் என்று ஆறு இடங்கள். ஃபேர்லேண்ட்ஸிலிருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர், பெங்களூரு சுமார் 200. பெங்களூரு பக்கம், குளிர்ச்சியும் கூட. முடிவு சுலபம்.

கிளம்பும் முன் குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, டாக்டரின் உடல்நலச் சான்று எல்லாம் ஃபைலில் ஏறின. அமீரகத்தின் பருவநிலை மாற்றம் மற்றும் சுற்றுச்சூழல் அமைச்சகத்திலிருந்து இறக்குமதி அனுமதியும் வந்துவிட்டது. அப்போதுதான் நாமக்கல் சொந்தக்காரர் ஒருவர் ஒரு விஷயம் சொன்னார். நம் நாமக்கல் முட்டை குளிர்சாதன கண்டெய்னரில் வளைகுடா நாடுகளுக்குப் போகிறதே, அதுவும் கால்நடைச் சுகாதாரச் சான்று இல்லாமல் கப்பல் ஏற முடியாதாம். முட்டைக்கும் ஃபைல், செவலைக்கும் ஃபைல்!

வெயில் இறங்கிய பிறகு கார் கிளம்பியது. தொப்பூர் கணவாயின் வளைவுகளில் டிரைவர் தம்பி அவ்வளவு பதமாக ஓட்டினார். வாந்தி வரக் கூடாது என்பதற்காக அரை வயிற்றுக்குத்தான் சாப்பாடு. தர்மபுரி தாண்டி ஓரிடத்தில் நிறுத்தி நடக்க வைத்தார்கள், கிருஷ்ணகிரியில் தண்ணீர்.

பெங்களூரு சான்றளிப்பு அலுவலகத்தில் நாயை நேரில் காட்ட வேண்டும். அதிகாரி கழுத்தருகே ஸ்கேனரை நகர்த்தினார். பீப்! எண்ணைக் காகிதத்தோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டார். ஏற்றுமதிச் சான்றில் முத்திரை விழுந்தது.

சரக்கு முனையம் தனி உலகம். பூக்கூடைகள், மருந்துப் பெட்டிகள், காய்கறி அட்டைகளுக்கு நடுவே செவலை ராணி மாதிரி நின்றாள். பாதுகாப்புச் சோதனைக்காக அவளை வெளியே எடுத்து, காலிக் கூண்டைச் சோதித்தார்கள். பிறகு நீளமான சரிபார்ப்புப் பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் விழுந்தது. போல்ட்டு இறுக்கமா, காற்றுத் துளை போதுமா, கிண்ணம் வெளியிலிருந்து எட்டுகிறதா, ஈரம் உறிஞ்சும் விரிப்பு இருக்கிறதா? பச்சை நிறத்தில் ‘உயிருள்ள விலங்கு’ ஸ்டிக்கர், மேல்பக்கம் எது என்று காட்டும் அம்புகள். கிண்ணத்தில் தண்ணீருக்குப் பதில் முந்தின நாளே உறைய வைத்த பனிக்கட்டி. தூக்கி வைக்கும்போது சிந்தாது, பயணம் முழுக்க மெல்ல உருகிக் குடிக்கக் கிடைக்கும். யார் கண்டுபிடித்தார்களோ, கையெடுத்துக் கும்பிடலாம்!

இன்னொரு ரகசியம் சொல்லட்டுமா? விமானம் கிளம்பும் முன் கேப்டன் கைக்கு ஒரு காகிதம் போகிறது. எந்த அறையில் என்ன சிறப்புச் சரக்கு இருக்கிறது என்ற பட்டியல். அதில் உயிருள்ள விலங்கும் உண்டு. அந்த அறைக்கும் பயணிகள் பகுதி போலவே காற்றழுத்தம் இருக்கும், வெப்பநிலையைக் கவனித்துக்கொள்வார்கள். நாலு மணி நேரம் விமானத்தை ஓட்டும் விமானிக்கு நம் செவலை உள்ளே இருப்பது தெரியும்! இதைக் கேட்டதும் அக்காவின் முகத்தில் அதுவரை இருந்த கவலை பாதி இறங்கியது.

ஷூ போட்ட செவலை

துபாய் சரக்கு முனையத்தில் அமைச்சகத்தின் கால்நடை அதிகாரி பார்த்தார். பீப்! அதே 15 இலக்கம். காகிதம் எல்லாம் சரியாக இருந்ததால் தனிமைப்படுத்தல் எதுவும் இல்லை. வீடியோ காலில் மாமா காட்டினார்: கூண்டுக் கதவு திறந்ததும் செவலை சோம்பல் முறித்து, மாமாவின் பேண்ட்டை மோப்பம் பிடித்து, அப்புறம் கத்தின கத்தல் இருக்கிறதே! ஃபேர்லேண்ட்ஸில் அம்மா போனைப் பிடித்துக்கொண்டு “சாமி, என் தங்கம்” என்று அழுதும் சிரித்தும் தீர்த்தார்.

அங்கே வாழ்க்கைக்கு வேறு ஒழுங்கு. நாய் வளர்க்க அனுமதிக்கும் கட்டடமா என்று மாமா முதலிலேயே எழுத்தில் வாங்கி வைத்திருந்தார். நாயை துபாய் மாநகராட்சியில் பதிவு செய்து கழுத்தில் அடையாளத் தகடு மாட்ட வேண்டும். பொது இடத்தில் கயிறு கட்டாயம். மெட்ரோவில் ஏற்ற முடியாது, பெரும்பாலான கடற்கரைகளில் அனுமதி இல்லை. இதெல்லாம் தெரிந்து போனால் சங்கடமே இல்லை.

வெயில் ஏறிய பிறகு நடைக்கு இரண்டே நேரம். விடியும் முன் ஒன்று, ராத்திரி பத்துக்கு மேல் ஒன்று. வெளியே போகும் முன் அக்கா குனிந்து புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பார்க்கிறார். கை தாங்கவில்லை என்றால் செவலையின் பாதமும் தாங்காது. அன்றைக்கு ஷூ! நாலு காலுக்கும் நாலு ஷூ. முதல் நாள் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தவள், இப்போது ஷூ டப்பாவைப் பார்த்தாலே வாலாட்டுகிறாள். பகல் முழுக்க ஏசி அறையில் குளிர்ந்த தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்திருக்கிறாள். நவம்பரிலிருந்து மார்ச் வரை அவளுக்குத் திருவிழாதான். ஜனவரி விடியலில் 14, 15 டிகிரி என்றால் நம் மார்கழியை விடக் குளிர்!

திரும்பி வரும் வழியையும் அக்கா யோசித்து வைத்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து குடிமாறி வருபவர்கள் தங்கள் செல்லப் பிராணிகள் இரண்டை இந்தியாவுக்குக் கொண்டுவர விதி இருக்கிறது. அதற்கும் சிப் எண்ணும் ஊசிக் கணக்கும் வேண்டும். அதனால் ஒரு ஊசித் தேதியையும் தவறவிடாமல் அதே நீல ஃபைல் அங்கேயும் தடித்துக்கொண்டிருக்கிறது.

இங்கே ஃபேர்லேண்ட்ஸில் என்ன நடக்கிறது தெரியுமா? அக்கா கிளம்பும் முன் அந்த ஃபைலை ஒரு பக்கம் விடாமல் ஜெராக்ஸ் எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கிறேன். அழகாபுரத்தில் ஒரு குடும்பம் தோஹா போகிறது, ஸ்வர்ணபுரியில் ஒரு தம்பி அபுதாபி போகிறான். இரண்டு வீட்டிலும் நாய் உண்டு. ஒவ்வொரு நாட்டுக்கும் விதி மாறும், அந்தந்த நாட்டு அமைச்சகத்தின் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் கொடுக்கிறேன். ஆனால் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: விசா வந்த பிறகு நாயைப் பற்றி யோசிக்காதீர்கள், விசா பேச்சு எடுத்த அன்றே சிப் போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கையில் இருந்தால் தோட்டத்தில் விட வேண்டிய கட்டாயமே வராது. தம்பி நேற்றுதான் போன் பண்ணினான். அவன் நாய்க்கு சிப் இறங்கிவிட்டது, ஸ்கேனரும் பீப் என்றதாம். அடுத்த ஃபைல் ஆரம்பம்!